கடைசி வயலுக்குத் தண்ணீர்

எங்கள் பக்கத்தில் வயலுக்கு வயல்தான் தண்ணீர் பாயும். கால்வாயிலிருந்து மேல் வயலுக்கு, அதன் மடை வழியாகக் கீழ் வயலுக்கு. கீழ் வயல்காரருக்குத் தண்ணீர் போதவில்லை என்றால் அவரே மேல் வயலின் வரப்பில் வந்து நின்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஆள் அனுப்பிக் கேட்டால் கேட்டதாகாது. கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே யாரும் இந்த முறையை மீறியதில்லை. எங்கள் வயலுக்குக் கீழே, கடைசியாக இருப்பது சென்னியப்பன் வாத்தியாரின் வயல்.

அவரிடம்தான் என் தங்கை மயிலாத்தாள் மூன்றாம் வகுப்பு படித்தாள். அம்மை வந்து போன பிறகு அவளுக்கு இரண்டு காதிலும் சீழ் வடிந்து, கேட்பது குறைந்துவிட்டது. பாலக்காட்டுப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், "முன்வரிசையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்துப் பேசினால் இவள் நன்றாகப் படிப்பாள்" என்றார். வீட்டில் நாங்கள் அப்படித்தான் பேசுவோம். அம்மா அடுப்பு ஊதிக்கொண்டே அவளிடம் எதுவும் சொல்லமாட்டாள். ஊதுகுழலைக் கீழே வைத்து, அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, அதன் பிறகுதான் வாய் திறப்பாள்.

வாத்தியார் அவளைக் கதவோரம் கடைசிப் பலகையில் போட்டிருந்தார். கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் சொல்வார். கேள்வி கேட்டு அவள் விழித்தால் பிரம்பு.

அப்பா ஒரு தார் நேந்திரங்காயோடு போய்க் கேட்டார். நானும் கூடப் போனேன்.

"ஏனுங்க வாத்தியாரே, புள்ளைக்குக் காது மந்தமுங்க. முன்னால உக்கார வெச்சீங்கன்னா..."

"மாரப்பா, முன் பலகை பாஸாகற புள்ளைகளுக்கு. இதை எருமை மேய்க்க உடு. எருமைக்குக் காது கேட்டாப் போதும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் மயிலாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். வாத்தியார் என்னைப் பார்த்தார்.

"பெருசு இதா நிக்குது. வாயில கொழுக்கட்டை. உங்க ஊட்டுல ஒண்ணுக்கு வாயில்லை, ஒண்ணுக்குக் காதில்லை."

எனக்குக் குரல் எழும்பாது. ஐந்தாம் வகுப்பில் நான் 'ஆஜர்' சொன்னது கேட்கவில்லை என்று தினமும் என்னைப் பலகை மேல் ஏற்றி நிறுத்தியவர் அவர்தான். அதோடு நின்றது என் படிப்பு.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வாழைத்தாரை எடுத்துக்கிட்டாரா?"

"எடுத்துக்கிட்டார்" என்றார் அப்பா.

கார்த்திகையில் மழை நின்றது. இரண்டாம் போகமான முண்டகன் நெல் கதிருக்குப் பொதி கட்டும் நேரம். அம்மா வாத்தியார் வயலுக்குப் போகும் மடையைச் சேறு வைத்து அடைத்துவிட்டு, மிஞ்சிய தண்ணீரை ஓடைப் பக்கம் வெட்டிவிட்டாள்.

"பழனா, வாத்தியாரைப் பகைச்சுக்கலாமா? பாவமாச்சே" என்று அப்பா பதறினார்.

"பாவத்தைப் பொறவு பாத்துக்கலாமுங்க. குத்தகைப் பூமிக்குப் பட்டா நம்ம பேருக்கு வந்து ரெண்டு வருசமாச்சு. இன்னும் எதுக்குக் குனியறீங்க?"

வாத்தியார் வயல் வெடித்தது. முதலில் ஆள் அனுப்பினார். "முறை தெரியாதவரா வாத்தியாரு?" என்று அம்மா திருப்பி அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் செருப்பைக் கையில் பிடித்தபடி அவரே வந்தார்.

அம்மா கால்வாயோரத் தலைமடையில் நின்றிருந்தாள். தண்ணீர் விழும் இரைச்சல் அங்கே அதிகம்.

"அங்கயே நில்லுங்க! கடைசி வயல்காரரு கடைசி வரப்புலதான் நிக்கோணும்!"

அவர் நின்று தண்ணீர் கேட்டார். அம்மா அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மம்பட்டியால் மண்ணை வெட்டியபடியே பதில் சொன்னாள். "முன் பலகையில எடமிருக்குதுங்களா?" என்றாள். பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

"என்ன சொல்றே? கேக்கலை!"

அம்மா இன்னும் மெதுவாகச் சொன்னாள்.

"இப்படித் திரும்பிப் பேசு, பழனாத்தா! மூஞ்சியைக் காட்டாமப் பேசுனா எனக்கு என்ன வெளங்கும்?"

மம்பட்டி நின்றது. அம்மா திரும்பினாள்.

"எருமைக்குக்கூடக் கேக்குமுங்களே, வாத்தியாரே."

பக்கத்து வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். வாத்தியார் செருப்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"நாளைக்கு முன்னால உக்கார வெக்கறேன்."

"மூஞ்சியைப் பாத்துச் சொல்லித் தரோணும்."

"சரி."

"அப்பத் தண்ணி வரும். போங்க."

திங்கட்கிழமை நானே கூட்டிப்போய்ப் பார்த்தேன். மயிலா முன் பலகையில் உட்கார்ந்தாள். சாயங்காலம் அம்மா, "கமலா, மடையை எடுத்து உட்டுரு" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தீனி போடப் போய்விட்டாள்.

மடையில் கை வைத்தவள் நிறுத்தினேன். மயிலாவை வரப்பில் உட்கார வைத்து, அன்றைய பாடத்தைச் சொல்லச் சொன்னேன். பாதி வந்தது. பாதி மடையைத் திறந்தேன். மறுநாள் ஒரு வரிகூட வரவில்லை. "வாத்தியாரு திரும்பி நின்னுட்டாரு, அக்கா" என்றாள். திறந்ததையும் அடைத்தேன்.

அதற்கு அடுத்த நாள் வாத்தியார் வந்தார். நான் மட்டும்தான் இருந்தேன்.

"தண்ணி உட்டாச்சுன்னு உங்கம்மா சொன்னா. எங்கே?"

அவர் வயலின் வெடிப்புகளைப் பார்த்தேன். குரல் வந்தது.

"மயிலா படிச்ச அளவுக்குத்தானுங்க உங்களுக்குத் தண்ணி. நேத்துத் திரும்பி நின்னு சொல்லியிருக்கீங்க. அவளுக்குப் பாடம் வரலைங்க. அதனால தண்ணியும் வரலைங்க."

"உங்கம்மாளுக்கு இது தெரியுமா?"

"தெரியாதுங்க. போய்ச் சொல்லுங்க. முழுசா அடைச்சுப் போடுவாங்க."

அவர் சொல்லவில்லை. அதன் பிறகு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மயிலாவை எதிரே உட்கார வைத்து, அவள் முகத்தைப் பார்த்துப் பாடம் சொன்னாராம். சாயங்காலம் அவள் வரப்பில் நின்று புத்தகத்தைக் கடகடவென்று படிப்பாள். நான் மடையைத் திறப்பேன். வயல் பச்சை பிடித்தது.

முழுதாக மட்டும் நான் ஒருநாளும் திறக்கவில்லை. அறுப்பின்போது, தண்ணீர் எட்டாத அவருடைய வடக்கு மூலை நெல் எல்லாம் பதராக இருந்தது. தூற்றும்போது காற்றோடு போனது. வாத்தியார் களத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மயிலாவின் கணக்குத் தண்ணீரை அவள் படித்துத் தீர்த்துவிட்டாள். அந்த மூலை, நான் பலகை மேல் நின்றதற்கு.