பழைய சிப்புக்கான ஃபோல்டர்

யாரைக் கேட்டு அழித்தான் இந்த மகாராஜன்? வேல்விழிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கையில் கிடைத்ததைத் தூக்கி எறியாமல் இருந்ததே பெரிய காரியம்.

சங்கரன்கோவிலில், ராஜபாளையம் ரோட்டு மாடியில் இருக்கிற சின்ன கம்பெனி அது. நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்களைப் பெருக்க, வகுக்க ஒரு நிரல் தொகுப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். பில்லுக்கு டிஜிட்டல் கையெழுத்து போடுகிற இவர்களுடைய மென்பொருள் அந்தப் பெருக்கலை நம்பித்தான் ஓடுகிறது. எந்த சிப்பிலும் ஓடும் பொது நிரல் மேல் ஃபோல்டரில் இருக்கும். அதற்குள் ஒவ்வொரு சிப் குடும்பத்துக்கும் ஒரு ஃபோல்டர், அதற்குள்ளே புது மாடல்களுக்குத் தனியாக ஒன்று. புது சிப்புக்கு மட்டுமே புரிகிற கட்டளையைக் குடும்ப ஃபோல்டரில் வைத்துவிட்டால் தீர்ந்தது, பழைய சிப் அந்த இடத்திலேயே படுத்துவிடும். அந்தப் பழைய சிப்புக்கான நிரலை வரிவரியாக எழுதியவள் வேல்விழி.

ஆயுத பூஜைக்கு ஆபீஸை ஒட்டடை அடித்தார்கள். மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போட்டார்கள். பழைய சிப்பில் சோதித்துப் பார்க்க இருந்தது அது ஒன்றுதான். அதே கையோடு மகாராஜன் நிரலையும் சுத்தம் செய்துவிட்டான். ஒரே பேரில் மூன்று ஃபோல்டரில் பெருக்கல் இருக்கிறதே, எதற்குத் தண்டமாக என்று, வேகமானதை மட்டும் குடும்ப ஃபோல்டருக்கு ஏற்றிவிட்டு மற்றதை அழித்தான். வேல்விழி வேண்டாம் என்றதற்கு, டீம் லீடர் நீயா நானா என்று கேட்டான். ஆபீஸில் இருந்ததெல்லாம் புது மெஷின். எல்லாம் ஜோராக ஓடியது, வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பிவிட்டார்கள். சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி தின்றார்கள்.

மறுவாரம் புளியங்குடியிலிருந்து போன். எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கும் பொன்மணியின் பழைய கம்ப்யூட்டரில், கையெழுத்து போடப் போனாலே மென்பொருள் செத்துவிடுகிறதாம். பில் இல்லாமல் லோடு கிளம்பாது. போனை எடுத்த மகாராஜன் என்ன பதில் சொன்னானோ, வேல்விழியிடம் மூச்சுவிடவில்லை. இன்று காலை பொன்மணி, கம்பெனி முதலாளி சண்முகையாவையே கூப்பிட்டுத் திட்டிய பிறகுதான் விஷயம் அவள் காதுக்கு வந்தது.

அழிந்ததை மீட்டு, புதுக் கட்டளைகளை அதனதன் ஃபோல்டருக்கு இறக்கி, மதியத்துக்குள் அனுப்பிவிட்டாள். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. உடனே சண்முகையா அவளையும் மகாராஜனையும் அறைக்குள் கூப்பிட்டு, பொன்மணிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். சரியாகிவிட்டது, நம்ம பொண்ணு சின்னதாக ஒரு தப்புப் பண்ணிவிட்டாள், அவளே திருத்திவிட்டாள் என்றார். மகாராஜன் அவருடைய தங்கை மகன். சுவரில் என்ன தெரிந்ததோ, அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேல்விழி மேசையிலிருந்து போனை எடுத்தாள்.

"யக்கா, வேல்விழி பேசுதேன். தப்புப் பண்ணுனது நான் இல்ல, மகாராஜன் அண்ணன். இப்ப ஓடும், பழைய மெஷின்லயே ஓடும், பாருங்க."

அந்தப் பக்கத்திலிருந்து பொன்மணி கேட்டாள்.

"பழைய மெஷின்லயா? அதுல இனிமே ஓடாது, புதுசு வாங்குங்கன்னு அந்தத் தம்பிதானம்மா சொன்னாரு? காலையில உங்க மொதலாளிகிட்ட கத்திட்டு, நேரா போயி கம்மல அடகு வச்சு வாங்கிட்டு வந்துட்டேனே."

சண்முகையா போனுக்குக் கை நீட்டினார். வேல்விழி கொடுக்கவில்லை.

"அட்டைப்பெட்டிய பிரிக்காதீங்க அக்கா. நாங்க வாரோம்."

போனை வைத்துவிட்டு மகாராஜனைப் பார்த்தாள். அவன் மாமாவைப் பார்த்தான். மாமா மேசையைப் பார்த்தார்.

"எந்திரிங்கண்ணே," என்றாள் வேல்விழி. "கம்ப்யூட்டர் கடைக்காரன் திருப்பி எடுத்தா சரி. எடுக்கலைன்னா அந்தக் கம்மல நீங்கதான் மீட்டுக் கொடுக்கணும்."