கதவைத் திறப்பாள்

மகாதேவன் கதையைப் பாதியில் நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "சொல்லுங்க கோகுல், மிச்சம் என்ன?" என்று கேட்டபோது லலிதா கோகுல்நாத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மராத்தி பேசும் ஊரில், வானவடியில் இருக்கும் மகாதேவன் வீட்டுக் கூடத்தில் மாதம் ஒரு ஞாயிறு காலை கூடும் தமிழ் வாசகர்களுக்கு இது ஒரு விளையாட்டு. வாசலில் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் யார் வேண்டுமானாலும் பெயர் போடாமல் ஒரு கதையைப் போட்டுவிடலாம். மகாதேவன் பாதிவரை வாசிப்பார். கோகுல்நாத் முடிவைச் சொல்வார். பிறகு, மிச்சத்தையும் கேட்க வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம். ஒரே ஒரு கை எழுந்தாலும் முழுக்க வாசித்தாக வேண்டும். இதுவரை பெரும்பாலான கதைகள் பாதியிலேயே சமாதியாகியிருந்தன.

கோகுல்நாத் லலிதாவின் கணவர். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் ஹரீஷ் ஆளந்தி ரோட்டில் பைக்கோடு லாரியில் அடிபட்டுச் செத்த பிறகு, அவர் பேய்க்கதைகளைத் தவிர வேறெதையும் படிப்பதில்லை. செல்போனில், பழைய புத்தகக் கடையில் என்று கிடைத்ததையெல்லாம் படித்தார். நாலு பக்கம் போவதற்குள், "த்தூ, இவனும் அதையேதான் எழுதியிருக்கான்" என்று தூக்கிப் போடுவார். புளியமரம், வெள்ளைப் புடவை, கடைசி வரியில் அவள் செத்து எத்தனையோ வருஷமாச்சே என்று சொல்லும் வாட்ச்மேன். மகனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டார்; அப்படி ஒருவன் இருந்ததே இந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. லலிதா பேச்செடுத்தால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். எழுந்து போக முடியாத ஓர் இடத்தில், அவர் படிக்கிற ஒரே வகையில் சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் அவள் இந்தக் கதையை எழுதி டப்பாவில் போட்டாள். முழுக்கக் கேட்டாரானால் போதும்.

கதை சின்னது. இறந்துபோன மகன் மழையில் நனைந்துகொண்டு வந்து அழைப்புமணியை அடிக்கிறான். "அம்மா, ஹெல்மெட்டை மறந்துட்டுப் போயிட்டேன்மா" என்கிறான். ஹெல்மெட் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது, யாரும் தொடாமல். அந்த வரி வந்தபோது, கோகுல்நாத் தட்டிலிருந்து எடுத்த கோத்திம்பீர் வடி, அந்த ஊர்க் கொத்தமல்லி வடை, வாய்க்குப் போகாமல் நின்றதை லலிதா பார்த்தாள். அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேலும் ஒரு ஹெல்மெட் அப்படித்தான் இருக்கிறது. யார் எழுதியது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சொல்லட்டுமா?" அவர் வடியை மென்று விழுங்கினார். குரல் வழக்கத்தைவிடச் சத்தமாக வந்தது. "அம்மா ஹெல்மெட்டை எடுத்துட்டுப் போய்க் கதவைத் திறப்பா. வெளியில ஒரு ஈ காக்கா இருக்காது. குனிஞ்சு பார்த்தா கையில ஹெல்மெட்டும் இருக்காது. வாசல்ல ஈரக் காலடி மட்டும் இருக்கும். முற்றும். எழுதினவங்க யாரா இருந்தாலும் சரி, செத்துப்போனவனை வச்சு நம்மளை அழவைக்கலாம்னு பார்க்கறாங்க. அந்தப் பேய்க்கே கொட்டாவி வந்திருக்கும்."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. "அங்கிள், செம!" என்றாள் சஹானா, சென்னையிலிருந்து ஐடி வேலைக்கு வந்த பெண். "பேய் ஹெல்மெட் போட்டுக்கிட்டு என்ன பண்ணப் போகுது? இன்னொரு தடவை சாகவா போகுது?" அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. மகாதேவன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோகுல்நாத்தும் சிரித்தார். எல்லோரும் நிறுத்திய பிறகும் சிரித்தார். லலிதாவுக்கு அவரை அங்கேயே ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.

"மிச்சம் வேணும்கறவங்க கை தூக்கலாம்" என்றார் மகாதேவன்.

அவள் கதையில் அம்மா கதவைத் திறப்பதே இல்லை. உள்ளே போய், போர்வைக்குள் சுருண்டிருக்கும் கணவரை எழுப்புகிறாள். உங்களைப் பார்க்கத்தான் வந்திருக்கிறான், நீங்கள் போய்த் திறங்கள் என்கிறாள். அவர் எழுந்து வந்து, தாழ்ப்பாளில் கை வைத்தபடி மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவ்வளவுதான். அந்தக் கடைசிப் பக்கத்துக்காகத்தான் மற்ற பக்கங்களை அவள் எழுதினாள்.

ஒரு கை போதும். அவளுடைய கையே போதும். கணவரைப் பார்த்தாள். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கித்தான் பாரேன் என்கிறாரா, தூக்கிவிடேன் என்கிறாரா, அவளுக்குப் புரியவில்லை. அவள் தூக்கவில்லை.

"அப்ப முடிஞ்சுது. சலா, வாங்க, டீ சாப்பிடலாம்."

மகாதேவனின் மனைவி சுஷ்மா அடுத்த ஈடு வடிகளைக் கொண்டுவந்து, எண்ணெய் இழுத்துக்கொள்ளட்டும் என்று மேஜையில் கிடந்த கதைத் தாள்களின் மேலேயே கொட்டினாள். கிளம்பும்போது லலிதா கடைசித் தாளை மட்டும் யாரும் பார்க்காமல் உருவிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அது எண்ணெயில் ஊறிப்போயிருந்தது.

விஷ்ராந்த்வாடிக்குத் திரும்பும் வழியில், பாத்திமா நகர் சிக்னலில் சிவப்பு விழுந்தது. கோகுல்நாத் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"லலிதா." திரும்பிப் பார்க்காமலேயே கேட்டார். "நான் சொன்னதுதானா முடிவு?"

கூடத்தில் கேட்ட குரல் இல்லை அது. இத்தனை பேய்க்கதைகளைத் தூக்கி எறிந்த மனிதர், இந்த ஒன்றிலாவது தான் சொன்னது பொய்யாகிவிடாதா என்று கேட்கிறார். அது அவளுக்குத் தெரிந்தது. கைப்பையைத் திறந்து அந்தத் தாளை நீட்டினால் போதும். ஆனால் பேய்க்கே கொட்டாவி வந்திருக்கும் என்று அவர் எல்லோரையும் சிரிக்கவைத்தது அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"ஆமாங்க. அதேதான். கதவைத் திறப்பா, யாரும் இருக்க மாட்டாங்க."

ஹெல்மெட்டுக்குள் அவர் தலை மெல்ல ஆடியது.

பச்சை விழுந்தது. பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டு, "காகா, சலா நா!" என்று, பெரியவரைக் கிளம்பச் சொல்லிக் கத்தினார். இரண்டு பக்கமும் வண்டிகள் உரசிக்கொண்டு போயின. கோகுல்நாத் இரண்டு கால்களையும் ரோட்டில் ஊன்றியபடி அப்படியே நின்றிருந்தார்.