ஐஸ்பெட்டியில் வைத்த தெங்கிரி

மலாயாவின் சுதந்திர நாளான மெர்டேக்கா என்றதும் மற்றவர்களுக்குக் கொடியும் பேண்டு வாத்தியமும் நினைவுக்கு வரும். சிவகாமசுந்தரிக்கு இத்தனை வருடம் கழித்தும் மீன் வாடைதான் முதலில் வருகிறது.

ஐம்பத்தேழில் அந்தக் கொண்டாட்டம் பார்க்கக் கோலாலம்பூரில் தம்பி வீட்டில் ஐந்து நாள் தங்கிவிட்டு, அவளும் கணவர் கருணாகரனும் மலாக்காவில் காஜா பெராங் வீட்டுக்குத் திரும்பியபோது பகல் பதினொரு மணி இருக்கும். கதவைத் திறந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"எலி ஏதாச்சும் செத்துக் கிடக்கும்," என்றார் அவர்.

அவள் கண் சமையலறைப் பக்கம் போனது. நாடு திரும்பிய வெள்ளைக்கார துரை ஒருவரிடம் வாங்கிய மின்சார ஐஸ்பெட்டி அங்கேதான் இருந்தது. வந்ததும் பசாருக்கு ஓட வேண்டாமே என்று ஒரு முழுத் தெங்கிரி மீனையும் இறாலையும் அதில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"மெயின் சுவிட்சை அடைச்சீங்களா?"

"பின்னே? வீட்டைப் பூட்டிட்டுப் போறோம், தீப்பிடிச்சா யாரு..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பெட்டிக்கடியிலிருந்து பழுப்பு நீர் வழிந்து தரையெல்லாம் ஈ மொய்த்துக் கிடந்தது. பெட்டியின் கதவைத் திறந்த கையோடு அவள் கொல்லைக்கு ஓடி வாந்தியெடுத்தாள்.

கருணாகரன் ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் தண்ணீர் குடிக்கக்கூட அடுப்படிப் பக்கம் வந்தவரில்லை. குரல் கொடுப்பார், செம்பு போகும். அன்று சட்டையைக் கழற்றிவிட்டுக் கைலியைத் தூக்கிக் கட்டினார்.

"நீ உள்ளே வராதே. நான் பண்ணின கூத்து, நானே கழுவுறேன்."

பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமி, தலைமுறைகளாக மலாய் பேசும் மலாக்கா செட்டிக் குடும்பத்தவள். தமிழ் நாலு வார்த்தைதான் வரும். "இக்கான் பூசுக்கா?" என்று வேலிக்கு மேலே எட்டி, மீன் அழுகிவிட்டதா என்று கேட்டாள். வாடை போக்க எலுமிச்சையும் ஒரு கட்டு வாசனைப் பாண்டான் இலையும் கொடுத்து, சுந்தரியைத் தன் வீட்டு வாசலில் உட்காரவைத்துத் தேநீர் ஊற்றினாள்.

அங்கிருந்தே சுந்தரி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாளியைத் தூக்கி வந்தார், வாழையடியில் குழி தோண்டினார், நடுவில் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குமட்டினார், மறுபடி தோண்டினார்.

"சுந்தரி, சவுக்காரம் எங்கே?"

"கிணத்தடியில."

"தேய்க்கிற நாரு?"

"அதுக்குப் பக்கத்துலயேங்க."

"அதுக்குப் பக்கத்துல செருப்புதான் இருக்கு."

சுந்தரிக்கு அதுவரை பொங்கிக்கொண்டிருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. தேநீர் புரையேறும்வரை சிரித்தாள்.

ஐஸ்பெட்டியின் வாடை முழுசாகப் போகவேயில்லை. தீபாவளிக்கு வந்தவர்கள் ஜில்லென்ற சர்பத்தை ஒரு வாய் குடித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கருணாகரன் மட்டும் தம்ளரைக் காலி செய்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு," என்றார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சமையலறைக்கு வர ஆரம்பித்தார். வேலை ஒன்றும் செய்யமாட்டார். பலகையைப் போட்டு உட்கார்ந்து பேப்பரை உரக்கப் படிப்பார். அவள் வெங்காயம் அரிந்துகொண்டே கேட்பாள். அவர் இருந்தவரைக்கும் அது நின்றதில்லை.