மூன்றாவது ஓலை

மேலப்புதூர் அமிர்தசாமியின் போனுக்கு வரும் குறுஞ்செய்திகளைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஓய்வு பெற்றவர். கோயில் மண்டபத்தில் போலீசார் நடத்திய மோசடி விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் போய் வந்ததிலிருந்து மனிதர் எதையும் சும்மா விடுவதில்லை. ரிப்போர்ட் அடித்து, நம்பரைத் தடுத்து, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் புகாரும் போட்ட பிறகுதான் காபி. எங்கள் தெரு ஜெபக் குழுவின் வாட்ஸ்அப்பில் தினமும் வகுப்பு வேறு: "புது நம்பர், அவசரம், என்னை நம்புங்க, உடனே எல்லாருக்கும் அனுப்புங்க. இதுல ஒண்ணு இருந்தாலும் விடாதீங்க. ரிப்போர்ட் பண்ணுங்க." படித்துப் படித்து எங்களுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

அவர் மகள் லிசிக்கும் முசிறி ஜேக்கப்புக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இரண்டு ஞாயிறு பூசையில் ஓலை வாசித்தாயிற்று. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் ஊரறியக் கேட்பதுதான் ஓலை. இந்த ஞாயிறு மூன்றாவது, மறுநாள் கல்யாணம். புதன்கிழமை தவக்காலம் தொடங்கிவிடும்; அதில் கல்யாணம் நடத்த மாட்டார்கள். இதை விட்டால் ஈஸ்டர் வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்தக் கவலையில் லிசிக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அமிர்தசாமிக்கு ஒரு செய்தி வந்தது. "மாமா, நான் ஜேக்கப். போன் காவிரியில விழுந்துடுச்சு. இது புது நம்பர். அவசரம், கூப்பிடுங்க."

புது நம்பர், அவசரம். அமிர்தசாமிக்கு வேறென்ன வேண்டும்? ரிப்போர்ட் அடித்தார், தடுத்தார், லிசியின் போனிலும் தடுத்தார். 'ஜேக்கப் பெயரில் ஒரு மோசடிக்காரன் கிளம்பியிருக்கிறான்' என்று குழுவிலும் போட்டார். அது பாலக்கரை வரை போய்த் திரும்பியபோது 'மாப்பிள்ளை ஜேக்கப் ஒரு மோசடிக்காரன்' என்று ஆகியிருந்தது.

சனிக்கிழமை காலை ஜேக்கப்பே பஸ் ஏறி வந்து நின்றான்.

"கோட்டுக்கு டை எடுக்கணும் மாமா. லிசி சேலை என்ன கலர்னு கேக்கத்தான் மெசேஜ் போட்டேன். கூப்பிட்டாலும் யாருமே எடுக்கல."

அமிர்தசாமி பதறிப்போய்க் குழுவில் எழுதினார்: "அவசரம். ஜேக்கப் நல்லவர். என்னை நம்புங்க. உடனே எல்லாருக்கும் அனுப்புங்க."

பாடம் படித்த நாங்கள் விடுவோமா? குழுவை நடத்தும் ஷெர்லின் டீச்சர், "அண்ணன் போனை எவனோ ஹேக் பண்ணிட்டான்" என்று அவரைக் குழுவிலிருந்து தூக்கினார். ஆளுக்கு ஒரு ரிப்போர்ட் அடித்து அவர் நம்பரைத் தடுத்தோம். அதன் பிறகு அவர் எத்தனை முறை கூப்பிட்டும் யார் போனும் மணியடிக்கவில்லை.

ஞாயிறு பூசையில் சாமியார் ஓலையை வாசித்துவிட்டு, தடை உண்டா என்று கேட்டார். ஷெர்லின் எழுந்தார்.

"இருக்கு ஃபாதர். மாப்பிள்ளை மேல மோசடிப் புகார் இருக்கு."

லிசி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும்மா புகார் குடுத்தது?"

"பொண்ணோட அப்பாதான் ஃபாதர்."

அமிர்தசாமி எழுந்து நின்றார். "தெரியாம குடுத்துட்டேன் ஃபாதர். ஜேக்கப் நல்ல பையன். நேத்து அப்படி எழுதினதும் நான்தான். என்னை நம்புங்க."

"அந்த மெசேஜும் இதையேதான் சொல்லிச்சு" என்றார் ஷெர்லின். "பின்னாடி யாராவது மிரட்டிச் சொல்ல வைக்கிறாங்களோ என்னவோ."

சாமியார் தலையைத் தடவிக்கொண்டு அமிர்தசாமியின் மனைவி பக்கம் திரும்பினார். "பாக்கியமேரி, நீங்க சொல்லுங்க. இவரை நம்பலாமா?"

பாக்கியமேரி கணவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நம்பலாம் ஃபாதர். இவரு அசல்தான். இப்படி ஒண்ணைப் போலியா செய்ய எவன் மெனக்கெடுவான்?"

கோயிலே சிரித்தது. தடை இல்லை என்று சாமியார் முடித்து வைத்தார். அன்று மதியம் லிசி இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாளாம்.

கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. அமிர்தசாமியின் நம்பரை மட்டும் நாங்கள் இன்னும் திறக்கவில்லை.