லூயிஸ் தன் பின்னந்தலையைப் பார்த்த நாள்

மறுநாள் பூசை முடிந்ததும், மில்லில் அவனோடு வேலை செய்த சேத்தாளி அலெக்சாண்டரின் குழந்தைக்கு ஞானஸ்நானம். லூயிஸ்தான் ஞானத்தகப்பன். குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நிற்கவேண்டும். அப்படி நிற்கும்போது அவன் முகத்தைச் சாமியார் ஒருவர்தான் பார்ப்பார். கோயில் நிறைய வந்திருக்கும் சனம் அத்தனையும் பார்க்கப்போவது அவன் பின்னந்தலையை.

அதுதான் அவனுக்குப் பெரிய ரோதனை. பின்னந்தலையில் ஓரிடத்தில் முடி கிடையாது. மில்லில் பட்ட அடி. அது எவ்வளவு பெரிது என்று அவனுக்கே தெரியாது. விரலால் தடவிப் பார்த்ததோடு சரி. மில்லில் "சொட்ட லூயிசு" என்று கூப்பிடுவதை வைத்து, ஓர் அப்பளம் அகலமாவது இருக்கும் என்று நினைத்திருந்தான். மரத்தடியில் முடி வெட்டுகிறவர் மிஷினை வைத்து ஒரே இழுப்பாக இழுத்துவிடுவார். மறுநாள் மில் வாசலில் கால் வைக்கும்போதே, "நெலா வந்துடுச்சுடா, வெளக்க அணைங்க!" என்று எவனாவது ஆரம்பித்துவிடுவான்.

இந்தத் தடவை மரத்தடி வேண்டாம், பஜார் பக்கம் கண்ணையன் வைத்திருக்கும் சலூனுக்கே போவது என்று லூயிஸ் முடிவு செய்தான். முசேமார்கள் என்று ஊர் மரியாதையாகக் கூப்பிடும் ஆபீஸ்காரர்கள் போகிற சலூன் அது.

அவன் மனைவி இருதயமேரிக்கு அதில் அவனைவிடப் பெருமை.

"கூட்டமில்லாத நேரமாப் பாத்துப் போங்க. இன்னா வேணும்னு வாயத் தொறந்து சொல்லுங்க. பேசாம குந்திக்கினு இருந்தா அவன் இஷ்டத்துக்குத்தான் வெட்டி அனுப்புவான்" என்றாள்.

நல்ல புத்திதான். ஆனால் அதோடு நிற்கவில்லை அவள். தேங்காயெண்ணெயைக் கையில் ஊற்றி, திருநாளுக்குப் போகிறவன் தலைபோல வழிய வழியத் தேய்த்தாள். "பரட்டத் தலையோட போனா அந்த எடத்துல எவன் மதிப்பான்?" என்று சொல்லிக்கொண்டே, சுற்றியிருந்த முடியை எடுத்துச் சொட்டையின்மேல் படியப் படிய வாரிவிட்டாள்.

சலூனில் ஆளுயரக் கண்ணாடி இருந்தது. பெஞ்சில் பிரான்சுவா என்கிற ஆபீஸ் குமாஸ்தா, பேப்பர் படித்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தார். லூயிஸ் நாற்காலியில் உட்கார்ந்ததும் அது சுழன்றது. கட்டுமரத்தில் முதல்முதலாக ஏறியவன்போல அவன் இரண்டு கைப்பிடியையும் இறுக்கிக்கொண்டான்.

கண்ணையன் சீப்பை முடிக்குள் விட்டு எடுத்தார். சீப்பிலிருந்து எண்ணெய் சொட்டியது.

"இன்னாய்யா இது? தலையா, தாளிக்கிற சட்டியா?"

"வீட்ல தடவி அனுப்புனாங்க."

"எண்ணெத் தலயில மிஷின் ஓடாது. முடி எந்தப் பக்கம் படியுது, எந்தப் பக்கம் எகிறுதுன்னு நான் எப்டிப் பாக்கறது?"

"கண்ணையா, அப்டியே நாலு வட சுட்டுக் குடு" என்றார் பிரான்சுவா, பேப்பரை இறக்காமலே.

லூயிஸுக்குக் காது சுட்டது. எழுந்து போய்விடலாம். போனால் மரத்தடிதான், நிலாதான்.

"சோப்பு இருந்தாக் குடுங்க. தெருக்குழாயில அலசிக்கினு வரேன்" என்றான்.

கண்ணையன் இதை எதிர்பார்க்கவில்லை. சோப்புத் துண்டை எடுத்து நீட்டினார்.

லூயிஸ் தலை சொட்டச் சொட்டத் திரும்பி வந்தான். கண்ணையன் துண்டால் துவட்டினார். பின்னந்தலைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அப்படியே பின்னுக்கு நகர்ந்தார்.

"இது இன்னாது, சொறி படையா? எழுந்திரு, எழுந்திரு. ஒனக்குப் போட்ட கத்திய நான் முசேக்கும் போடணும். ஒட்டிக்கிச்சுன்னா என் கட என்னாவறது?"

பிரான்சுவா பேப்பரோடு வாசற்படிக்கே போய்விட்டார்.

லூயிஸ் எழுந்திருக்கவில்லை. அந்தக் காயம் எப்படி வந்தது என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. அடிபட்ட அன்று, வழுக்கி விழுந்தேன் என்றுதான் மேஸ்திரியிடம் சொன்னான். ஓடுகிற மிஷினில் கை வைத்தது அலெக்சாண்டர். தெரிந்தால் அவனுக்கு வேலை போயிருக்கும். அலெக்சாண்டர் மில்லை விட்டுத் துறைமுகத்துக்குப் போய் வெகுநாளாகிறது. இப்போது சொன்னால் யாருக்கும் நட்டமில்லை. ஆனாலும் சொல்லிக்காட்டுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. இன்றைக்குச் சொல்லாவிட்டால் இந்த நாற்காலி இல்லை.

"படையில்லீங்க. மில்லுல ஓடற பெல்ட்டுப் பட்டையில என் சேத்தாளி சட்ட மாட்டிக்கிச்சு. புடிச்சு இழுத்தேன். அவன் வந்துட்டான், என் தலத்தோலு அங்கயே நின்னுடுச்சு" என்றான். பிறகு, "அவன் புள்ளைக்குத்தான் நாளைக்கு நான் ஞானத்தகப்பன்" என்றான்.

கண்ணையன் கிட்டே வந்தார். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். தையல் போட்ட தடம் விரலில் தட்டியது. மிஷினை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டு, கத்தரிக்கோலை எடுத்தார்.

"முசே, உங்களுக்கு நேரமாவும்."

"ஆவட்டும், ஆவட்டும்" என்று பிரான்சுவா திரும்ப வந்து பெஞ்சிலேயே உட்கார்ந்தார். இந்தத் தடவை பேப்பரைப் பிரிக்கவில்லை.

"சொல்லு, உனக்கு எப்டி வேணும்?" என்று கேட்டார் கண்ணையன். வாழ்நாளில் யாரும் லூயிஸைக் கேட்டிராத கேள்வி.

"பின்னால மறைச்சுடணும்."

"மறைக்கலாம். எதை மறைக்கறேன்னு மொதல்ல நீயே பாத்துடு." முடியை விலக்கி, கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்தார்.

லூயிஸ் ஆளுயரக் கண்ணாடிக்குள் கைக்கண்ணாடியையும், அதற்குள் தன் பின்னந்தலையையும் பார்த்தான். ஒரு நெத்திலி மீன் நீளத்துக்குக் கோணலாக ஒரு கோடு. பளபளவென்று, ஆறிப்போன கோடு.

"இவ்ளோதானா?"

"பின்ன?"

"நான் ஒரு அப்பளத்த இல்ல இத்தினி நாளா சொமந்துக்கினு இருந்தேன்!"

பிரான்சுவா சிரித்தார். லூயிஸும் சிரித்தான். சிரித்து ஓய்ந்ததும் சொன்னான்: "மறைக்க வேணாங்க. ஓரம் சுத்தமா எடுத்து வுடுங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"அப்ப இன்னும் நல்லா வெட்டணும்" என்றார் கண்ணையன். சுழியைப் பார்த்து, அது போகிற போக்கிலேயே கத்தரியை விட்டார். கோட்டின் இரண்டு கரையையும் ஒரே சீராக்கினார். பிடரியில் கத்தி போட்டு, படிகாரம் தேய்த்து, பவுடர் ஒற்றிவிட்டார்.

"இன்னொரு வாட்டிக் காட்டுங்க" என்றான் லூயிஸ். காட்டினார். மறுபடியும் கேட்டான்.

"போதும்யா, கண்ணாடி தேஞ்சிடப்போவுது" என்றார் பிரான்சுவா.

மறுநாள் குழந்தை தண்ணீர் பட்டதும் வீறிட்டு அழுதது. லூயிஸ் அதை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான். பிடரியில் காற்றுச் சில்லென்று பட்டது. பின்னால் யாரோ, "இன்னா அது, அவர் தலையில?" என்று கிசுகிசுப்பது கேட்டது. அதற்கு அலெக்சாண்டரின் குரல், கிசுகிசுக்காமல், கோயிலுக்குக் கேட்கும்படியே சொன்னது:

"அதுவா? நான் இன்னிக்கு இங்க நிக்கறதே அதாலதான்."

லூயிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. சாமியார் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். தலை குனியவேண்டிய இடம் வந்தபோது, வேண்டியதற்கு மேலேயே கொஞ்சம் குனிந்துகொண்டான்.