கண்ணெதிரே குழறிய பேச்சு

“என்னடா சுருட்டை, உன் நாக்கு இன்னும் தூங்குதா?” என்று கூட வேலை பார்க்கும் கண்ணாடி கேட்டதும் ஆய்வகமே சிரித்தது.

சுருட்டை மறுநாள் மாநாட்டில் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். பக்கவாதம் வந்து ரத்தம் நின்றுபோனால் மூளையின் நரம்பு செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம். செல்லுக்குள் உத்தரவு சுமந்து போகும் ஆர்என்ஏ மேல், ஓரத்தில் கிறுக்கிய குறிப்புபோலச் சின்னச் சின்ன ரசாயனக் குறிகள் உண்டு. அவை கூடினாலும் குறைந்தாலும் செல்லின் தலையெழுத்தே மாறலாம். இரண்டு பேரும் சேர்ந்துதான் எலி மூளையில் அதைத் தேடினார்கள். மேடை ஏறப்போவது மட்டும் சுருட்டை.

கண்ணாடிக்கு வயிறு எரிந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு உழைத்தது இவன். ஆய்வகத் தலைவி மேடம் வாயில் வருவதோ “நம்ம சுருட்டை, நம்ம சுருட்டை”தான்!

சுருட்டை ஒரே வரியைத் திரும்பத் திரும்பத் தொடங்கினான். வார்த்தைகள் வழுக்கின. ‘நாளைக்கும் இப்படியே உளறட்டும்’ என்று கண்ணாடிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

“இவனுக்கு உடம்பு சரியில்லையோ?” என்றார் மேடம்.

“பயம் மேடம்! பெரிய மேடைன்னா சும்மாவா? காபி குடிச்சா சரியாயிடுவான்.”

காபி வந்தது. கோப்பை சுருட்டையின் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. அசடு வழியச் சிரிக்கப் பார்த்தான். வாய் ஒரு பக்கம் மட்டும்தான் ஏறியது.

கண்ணாடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எலியில் வருஷக்கணக்காக ஆராய்ந்த பக்கவாதம் இதோ, எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது.

“மேடம், ஆம்புலன்ஸ்!”

அவசரப் பிரிவில் டாக்டர் கேட்டார்: “எப்போ ஆரம்பிச்சுது? ரத்தக்கட்டியக் கரைக்கிற மருந்து குடுக்கலாமான்னு அத வெச்சுதான் முடிவு பண்ணணும்.”

“இப்பதான், காபி குடிக்கும்போது” என்றார் மேடம்.

கண்ணாடி ஆமாம் போட்டிருந்தால் மானம் தப்பியிருக்கும். பதறி ஓடிவந்த சுருட்டையின் மனைவி பக்கத்திலேயே நின்றாள். கண்ணாடி டாக்டர் பக்கம் திரும்பினான்.

“இல்ல டாக்டர். அதுக்கு அரை மணி முன்னாடியே பேச்சு குழறிச்சு. அதுவரைக்கும் நல்லாத்தான் பேசினான். நான் பாத்தேன். உளறட்டும்னு... விட்டுட்டேன்.”

“அடப்பாவி! உங்கள கூடப்பொறந்தவர் மாதிரி நெனச்சாரே!” என்று அலறினாள் அவள்.

“இப்பவாவது உண்மையச் சொன்னீங்களே. நேரம் இருக்கு” என்று டாக்டர் ஸ்கேன் அறைக்கு ஓடினார்.

மருந்து ஏறியது. மாலைக்குள் விரல்கள் அசைந்தன. பேச்சு மட்டும் இன்னும் சரியாகத் திரும்பவில்லை.

“நாளைக்கு நீதான் பேசியாகணும்” என்றார் மேடம், முகம் கொடுக்காமல். “ஆனா அவன்கிட்ட கேட்டுட்டுப் போ.”

கண்ணாடி கட்டில் ஓரம் போய் நின்று சுருட்டையின் கையைப் பிடித்துக்கொண்டான். “டேய், நீ சரின்னாதான் போவேன். போனா மொதல்ல இதத்தான் சொல்வேன்: வாய் கோணினா, கை தொவண்டா, பேச்சு குழறினா, ஒரு நிமிஷம்கூட யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. பொறாமை இருக்கே, அது படிச்ச படிப்பையே மறைச்சிடும். எனக்கு மறைச்சிடுச்சு.”

சுருட்டை அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பேச வாய் வரவில்லை. சரியென்றால் கையை அழுத்தினால் போதும்.

நீங்கள் அந்தக் கட்டிலில் இருந்திருந்தால் அழுத்தியிருப்பீர்களா, மாட்டீர்களா? சொல்லுங்களேன்!