பின்சீட்டுக்காரி

டெனிசனுக்கு லீவு கிடைத்துவிட்டால் வீடு கொள்ளாது. ஒரகடத்தில் லாரிக்கு அச்சு செய்கிற கம்பெனியில் வேலை. வாரமெல்லாம் இரும்புச் சத்தத்தில் கிடந்த மனுஷன், ஞாயிற்றுக்கிழமை நாலு சுவருக்குள் உட்காருவானா? அவன் பெண்டாட்டி ஜாய், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் செல்போன் பாகங்களைக் கோர்க்கிற லைனில் இருக்கிறாள். அவளுடைய வார ஓய்வு ஒரு கிழமையில் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு விழுவது அபூர்வம். விழுந்துவிட்டால் ஐயா பல் துலக்கிக்கொண்டே பைக் சாவியைத் தேடுவார். எங்கே என்று கேட்கக் கூடாது. மாற்றுத்துணி கூடாது, கட்டுச்சோறு கூடாது. ஏறு, போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்பான். காஞ்சிபுரத்தில் இட்லி தின்னக் கிளம்பியவர்கள் ஆரணி வரைக்கும் போய்த் திரும்பியதுண்டு. திருத்தணி, தடா, பழவேற்காடு என்று அவர்கள் போகாத ஊர் கிடையாது. தண்டலத்தில் அவர்கள் குடியிருக்கிற வரிசை வீட்டுப் பெண்கள், கொடுத்து வைத்தவள் என்று ஜாயைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

ஜாய் இரண்டாந்தாரம். இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. முதல் பெண்டாட்டி சுபஸ்ரீ பைக்கிலிருந்து விழுந்து செத்துப்போனாள் என்று பாஸ்டர் பெண் பார்க்க வந்த அன்றைக்கே சொல்லிவிட்டார். முப்பதைத் தாண்டியும் வரன் அமையாமல் இருந்த ஜாய், செத்தவளோடு நமக்கென்ன சண்டை என்று தெரிந்தேதான் கழுத்தை நீட்டினாள். வீட்டுக்குள் சண்டையும் இல்லை. சுபஸ்ரீயின் போட்டோ பீரோவுக்குள் இருந்தது, சுவரில் இல்லை. அவன் ஜாயின் சமையலை வாயாரப் புகழ்வான், காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பான். வீட்டில் அவன் அவளுடைய ஆள்தான். பைக்கில் ஏறினால்தான் கதையே வேறு.

வண்டி ஓட்டும்போது டெனிசன் பேசிக்கொண்டே வருவான். ஹெல்மெட்டும் காற்றும் பாதியைத் தின்றுவிடும். ஆரம்பத்தில் தன்னிடம்தான் பேசுகிறான் என்று நினைத்து ஜாய் முன்னால் சாய்ந்து, இன்னாங்க என்று கேட்பாள். கேட்டதும் சட்டென்று வாயை மூடிக்கொள்வான். போகப் போகத்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. அவன் பேசவில்லை, பதில் சொல்லிக்கொண்டு வருகிறான். பழவேற்காட்டு ரோட்டில் ஒருநாள், உனக்குத்தான் எறா பிடிக்காதே, வேறு எதாவது வாங்கிக்கலாம் என்று சொல்வது தெளிவாகக் காதில் விழுந்தது. எறா பிடிக்காதா? ஜாய் எறாத் தொக்கு என்றால் சட்டியைக் கூட விட மாட்டாள். பின்னே யாருக்குப் பிடிக்காது? அன்றைக்குக் கடற்கரையில் எறா வறுவல் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அவளால் ஒரு வாய் தின்ன முடியவில்லை.

அதோடு விட்டதா? டீக்கடையில் நிறுத்தினால் இரண்டு டீ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். அந்தப் பார்வையை என்னவென்று சொல்ல? வீட்டுக் கதவைப் பூட்டினோமா இல்லையா என்று பாதி வழியில் நினைத்துக்கொள்கிறவன் முகம் அது. ஜாய் அங்கே நிற்பதைக் கண்டதும் ஒரு மூச்சு விடுவான். அந்த மூச்சு நிம்மதியா ஏமாற்றமா என்று அவளுக்கு விளங்கவே இல்லை. ஒவ்வொரு டீக்கடையிலும் அதைப் படிக்கப் பார்த்துத் தோற்றுப்போவாள்.

போதாததற்கு மெக்கானிக் வேறு. பின்பக்க ஷாக் அப்சார்பர் இப்படித் தேய்ந்திருக்கிறதே, எப்பவும் மூன்று பேர் போகிறீர்களா என்று அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். டெனிசன் சிரிக்கவில்லை.  அதற்கப்புறம் ஜாய் பைக்கில் ஏறும்போதெல்லாம், தான் உட்கார்ந்த பிறகும் வண்டி இன்னும் கொஞ்சம் அமுங்குகிற மாதிரி அவளுக்குத் தோன்றும். பின்னால் தள்ளி உட்காரப் பயந்து அவன் முதுகோடு ஒட்டிக்கொள்வாள். பார்த்தவர்கள் புதுசாகக் கல்யாணமானவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

விஷயம் முழுசாகத் தெரிந்தது ஃபாத்திமா சொல்லித்தான். ஃபாத்திமா ஜாயோடு அதே லைனில் வேலை செய்கிறவள். அதற்கு முன்னால் சுபஸ்ரீக்குப் பக்கத்தில் நின்றவள். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நீ கேட்டதால் சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்று ஆரம்பித்தாள். சுபஸ்ரீ அன்றைக்கு நைட் ஷிஃப்ட் முடித்து வெளியே வந்திருக்கிறாள். கேட்டில் டெனிசன் பைக்கோடு நிற்கிறான். ரெண்டு பேருக்கும் லீவு, தூங்கினால் நாள் வீணாகிவிடும், வா மாமல்லபுரம் போகலாம் என்று கூப்பிட்டிருக்கிறான். நைட் ஷிஃப்ட் பார்க்கிற எல்லா ஜோடியும் செய்கிற கூத்துதான் இது. லீவு நாளைத் தூங்கிக் கழிக்க யாருக்கு மனசு வரும்? விடிய விடிய நின்றவள் பின்சீட்டில் உட்கார்ந்ததும் கண்ணயர்ந்துவிட்டாள். வல்லக்கோட்டைத் திருப்பத்து வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. அவள் விழுந்தாள். இவனுக்குத் தெரியவில்லை. பேசிக்கொண்டே ஒரகடம் கூட்ரோடு வரைக்கும் போய், டீக்கடையில் வண்டியை நிறுத்தி, இரண்டு டீ சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்திருக்கிறான்.

ஜாய் அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதாள். யாருக்காக அழுதோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவனுக்காகவும்தான், அந்தப் பெண்ணுக்காகவும்தான். ஆனால் அழுது முடித்ததும் வந்தது கோபம். அந்த ரோட்டில் இவன் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறான், இன்னும் பேச்சு முடியவில்லை, எத்தனை ஊருக்குக் கூட்டிப்போனாலும் கூட்டிப்போவது என்னை இல்லை. இது அவளுக்கு வெட்ட வெளிச்சமாகிவிட்டது. ஜெபம் பண்ணிப் பார்த்தாள், கோபம் நகரவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். சுபஸ்ரீ போய்ச் சேராத அந்தக் கடலுக்கு, அதே மாதிரி நைட் ஷிஃப்ட் முடித்து, அதே ரோட்டில், இதே பைக்கில் ஜாய் போய்ச் சேர வேண்டும். போய் இறங்கிவிட்டால் தீர்ந்தது. அப்புறம் அவன் முழுசாகத் தன்னுடையவன்.

டெனிசன் ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் கம்பெனி பஸ்ஸில் அந்தத் திருப்பத்தைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொள்கிறவன் அவன். வேறு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றான், கெஞ்சினான், சோறு வேண்டாம் என்று எழுந்துபோனான். ஜாய் விடவில்லை.

"நான் ஒங்களுக்குப் பொண்டாட்டியா, இல்ல அவங்க வுட்டுட்டுப் போன சீட்டுக்கு வாட்ச்மேனா? அத மட்டும் சொல்லுங்க, நான் கம்முனு பூட்றேன்" என்றாள்.

 அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தபோது டெனிசன் கேட்டில் பைக்கோடு நின்றான். அவளுக்கும் ஒரு ஹெல்மெட் வைத்திருந்தான். முகம் செத்துப்போயிருந்தது. தூக்கம் வருகிறதா என்று ஏறுவதற்கு முன்னாலேயே திரும்பத் திரும்பக் கேட்டான். இல்லவே இல்லை என்று ஜாய் அடித்துச் சொன்னாள். கேன்டீனில் டீக்கு மேல் டீ குடித்து, மூஞ்சியில் தண்ணீர் அடித்துக்கொண்டு, வாயில் புளிப்பு மிட்டாய் ஒன்றை அடக்கிக்கொண்டு வந்திருந்தாள். நான் அவளைப் போல இல்லை என்கிற வீம்பு வேறு.

தூக்கம் என்ன, அனுமதி கேட்டுக்கொண்டா வருகிறது? ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிச் சிங்கப்பெருமாள்கோவில் ரோட்டில் ஏறியதும் எதிரே கார்களை அடுக்கிக்கொண்டு நீள நீளமாக லாரிகள் வந்தன. இளவெயில் முகத்தில் அடித்தது. ஹெல்மெட்டுக்குள் காற்று ஒரே சீராக ஊதியது. டெனிசன் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசியிருந்தால் கூட அவள் விழித்திருப்பாள். ஒரே ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மிட்டாய் கரைந்ததோ முழுங்கினாளோ, அது கூட அவளுக்கு நினைவில்லை.

அப்புறம் நடந்ததை அவள் சொன்னபடியே சொல்கிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். வண்டி எதிலோ ஏறித் தூக்கிப் போட்டது. கண்ணைத் திறந்தால் இடது பக்கம் தார் ரோடு அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. உடம்பு பாதிக்கு மேல் சரிந்துவிட்டது, பிடிக்க ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் பின்னாலிருந்து இரண்டு கைகள் அவள் இடுப்பைப் பிடித்தன. தொட்டது போல, பட்டது போல என்றெல்லாம் இல்லை. நறுக்கென்ற பிடி. விலா எலும்புக்குக் கீழே விரல் பதிந்து வலித்தது. அப்படியே அவளைத் தூக்கி நேராக உட்கார வைத்தன. கழுத்தோரம் ஒரு மூச்சு பட்டது. லைனில் டிஸ்பிளே துடைக்கிற ஸ்பிரிட் வாசனை வந்தது. ஜாய் குனிந்து பார்த்தாள். தன்னுடைய கைகள் இரண்டும் மடியில் பையின் மேல் கிடந்தன.

அவள் டெனிசனின் முதுகில் அறைந்த அறையில் அவன் வண்டியை ஓரங்கட்டினான். வல்லக்கோட்டைத் திருப்பத்தை ஒட்டி ஒரு கம்பெனியின் நீளமான காம்பவுண்டுச் சுவர். ஜாய் இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஹெல்மெட்டைக் கழற்றினாள். இத்தனை நாள் சுபஸ்ரீயின் பெயரையோ உறவையோ வாயால் சொல்லாதவளுக்கு, சொல் தானாக வந்தது.

"தூங்கிட்டேங்க. கீழ வுழ இருந்தேன். அக்கா புடிச்சிகினாங்க."

டெனிசன் அவளை வந்து பிடிக்கவில்லை. அடிபட்டதா என்று கேட்கவில்லை. அவள் தோளுக்கு மேலாகக் காலியாக இருந்த பின்சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். 

"எதுனா சொன்னாளா?" என்றான்.

அடப் பாவி மனுஷா. கட்டியவள் தார் ரோட்டில் மண்டை உடைந்து கிடந்திருப்பாள். உயிர் திரும்பி வந்து நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். கேட்கிற கேள்வியைப் பார்.  அந்தக் கைகள் ஒன்றும் சொல்லவில்லை. பிடித்தன, அவ்வளவுதான். பிடித்தது ஏன் என்று கூட ஜாய்க்குத் தெரியாது. ஆனால் இங்கே இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது தெரிந்தது. யாரை இவ்வளவு நாள் விரட்ட நினைத்தாளோ அவளை விரட்ட வழி தானாகத் திறந்துகொண்டு நின்றது.

"சொன்னாங்க. ஒங்க மேல கோவம் இல்லியாம். நான் இங்கியே எறங்கிக்கிறேன், நீங்க போங்கன்னாங்க."

டெனிசன் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். முகத்தை மூடிக்கொண்டு, கம்பெனி பஸ்கள் போய்க்கொண்டிருக்க, ஊரறிய அழுதான். சாவு வீட்டில் கூட அவன் அப்படி அழவில்லை என்று பேச்சு. ஜாய் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழுது ஓய்ந்து நிமிர்ந்தவன் அவளைப் பார்த்தான். அவளைத்தான் பார்த்தான், வேறு யாரையும் தேடவில்லை. எங்கேயாவது வலிக்கிறதா என்று அப்போது கேட்டான்.

கடலுக்குப் போனார்கள். அவள் கேட்டதெல்லாம் கிடைத்தது. அவன் ஜனங்களுக்கு நடுவே அவள் கையைப் பிடித்துக்கொண்டு அலையில் நின்றான், அவள் சின்ன வயசுக் கதைகளைக் கேட்டான், அவளுக்கு என்னென்ன பிடிக்கும் என்று புதுசாகப் பெண் பார்க்க வந்தவன் மாதிரி விசாரித்தான். ஜாய் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சிரிக்கவும் செய்தாள். சுடிதாருக்கு உள்ளே விலாவில் பத்து விரலும் பட்ட இடம் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. அதை அவனிடம் காட்டவில்லை.

சாயந்திரம் கிளம்பும்போது, தூக்கம் வந்தால் என் மேல் சாய்ந்துகொள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அன்பாகத்தான் சொன்னான். ஆனால் முன்னால் பார்த்து ஓட்டுகிறவனுக்குப் பின்னால் என்ன தெரியும்? ஜாய்க்கு உடம்பெல்லாம் கெஞ்சியது. இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பின்னால் அமுங்குகிற பாரம் இல்லை. கழுத்தில் மூச்சு இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால் சீட்டு சும்மா கிடந்தது, சாதாரணக் காற்று அடித்தது. ஆசைப்பட்டது இதற்குத்தானே? இனி சரிந்தால் பிடிக்க யாரும் இல்லை என்று நினைத்ததும் அவள் பல் கிட்டியது.

வல்லக்கோட்டைத் திருப்பம் வந்ததும் ஜாய் இடது கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டாள். நான் பொய் சொல்லிட்டேன்க்கா, ஏறிக்கோங்க என்று வாய்க்குள்ளேயே சொன்னாள். வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. டெனிசன் முன்னால் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தான். தண்டலத்தில் வீட்டு வாசலில் இறங்குகிற வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை. யாரும் அதைப் பிடிக்கவும் இல்லை.